தொலைந்த பார்சல் யார் கணக்கில்?

"பணம் கட்டியாச்சு, பார்சல் வரலை" என்ற புலம்பல் இன்டர்நெட் வியாபாரத்தோடு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வயது இருக்கிறது. கடைக்காரர் முகத்தையே பார்க்காமல், ஒரு கார்டு எழுதிப் போட்டு, மருந்தும் புத்தகமும் கைக்கடிகாரமும் வரவழைத்தவர்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் அன்றே இருந்தார்கள். அன்று அவர்கள் முன்னால் நின்ற கேள்விதான் இன்றும் நிற்கிறது. சாமான் வழியில் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு? வாங்கியவருக்கா, விற்றவருக்கா, கொண்டு போனவருக்கா?

கதை 1877-இல் தொடங்குகிறது. அந்த வருஷம்தான் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்த மூன்றெழுத்து புரியாமல் போகலாம். ஆனால் விஷயம் எளிது. விற்பவர் பார்சலைத் தபாலாபீசில் கொடுத்து, மேலே விலையை எழுதுவார். தபால்காரர் வாங்குபவர் வீட்டு வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டுதான் பார்சலைக் கையில் கொடுப்பார். பணம் விற்றவருக்கு மணியார்டராகப் போய்ச் சேரும். (தபாலாபீஸ் மணியார்டரே 1880-இல்தான் வந்தது.) இன்று 'கேஷ் ஆன் டெலிவரி' என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டிருப்பது இதன் கொள்ளுப்பேரன்தான்!

முன்பின் தெரியாத இருவருக்கு நடுவில் நம்பிக்கைக்கு ஒரு மூன்றாவது ஆள் கிடைத்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்த மிராசுதார் சென்னைக் கடைக்கு ஆர்டர் போடலாம், முன்பணம் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் வந்துவிட்டது. பின்னால் மாயவரம், கும்பகோணம் வழியாகச் சென்னையோடு நேர்ப்பாதையும் சேர்ந்தது. மாட்டுவண்டியிலும் ஓட்டக்காரர் தோளிலும் போன தபால் ரயில் ஏறியதும் ஆற்றுப்படுகைக் கிராமங்கள்கூட சந்தைக்குள் வந்துவிட்டன.

தஞ்சையிலிருந்து வெளியே விற்றவர்களும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆபிரகாம் பண்டிதர் (1859-1919). 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலை 1917-இல் வெளியிட்டவர் என்றுதான் அவரை இன்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த ஆராய்ச்சிக்கும், இசை மாநாடுகளுக்கும், தஞ்சையில் அவர் சொந்தமாக நடத்திய மின் அச்சகத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பாட்டிலிருந்து அல்ல, மாத்திரையிலிருந்து! ஆசிரியராக இருந்து சித்த வைத்தியரானவர் அவர். கருணாநிதி வைத்தியசாலையின் மருந்துகள் தஞ்சைக்கு வெகுதூரத்துக்கு அப்பாலும் விற்றன. அந்தக் காலத்தில் ஒரு மருந்துக் கம்பெனி ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் இரண்டு கால் வேண்டும். ஒன்று பத்திரிகை விளம்பரம், இன்னொன்று தபால். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பின்பக்கங்களைப் புரட்டினால் லேகியம், தைலம், பஞ்சாங்கம், துப்பறியும் நாவல் என்று எல்லாவற்றுக்கும் கீழே 'வி.பி.யில் அனுப்பப்படும்' என்ற வரி இருக்கும். தமிழிசை வரலாற்றில் தபால்காரருக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல.

ஏமாற்றும் கூடவே வந்தது. கேட்காதவருக்கு வி.பி.பி. அனுப்பிப் பணம் பறிப்பது, பெட்டிக்குள் பழைய காகிதத்தைத் திணிப்பது எல்லாம் நடந்தன. அதனால்தான் உண்மையான ஆர்டரின் பேரில்தான் அனுப்புகிறேன் என்று அனுப்புபவரிடம் உறுதிமொழி வாங்கவும், மோசடி என்றால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்துத் திருப்பிக் கொடுக்கவும் தபால் சட்டத்தில் இடம் வைத்தார்கள். மறுபக்கம், ஆர்டர் கொடுத்துவிட்டு பார்சல் வந்ததும் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருந்தார்கள். அப்போது தபால் செலவு விற்றவர் தலையில். இன்றைய ஆன்லைன் வியாபாரிகள் புலம்பும் அதே 'ரிட்டர்ன்'.

சரி, தொலைந்தால்? 1898-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டது. தபாலில் போகும் பொருள் தொலைந்தாலும், தவறான ஆளிடம் போனாலும், தாமதமானாலும், உடைந்தாலும் அரசாங்கத்துக்குப் பொறுப்பு இல்லை, அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்குத் தவிர. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் அவர் பொறுப்பு. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவையாற்றில் இருக்கும் ஒருவர், தன் பார்சல் எந்த ஊர் சார்ட்டிங் மேஜையில் யார் கையில் காணாமல் போனது என்று எப்படி நிரூபிப்பார்? அந்தச் சாட்சியம் எல்லாம் இலாகாவின் பைக்குள்ளேயே இருக்கிறது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எத்தனையோ வழக்குகள் இந்த 6-ஆம் பிரிவுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன.

இந்தச் சுவர் லண்டனில் கட்டப்பட்டது. அங்கே தபாலாபீசில் ஒரு கடிதத்துக்குள் இருந்த அரசுக் கடன் பத்திரங்கள் காணாமல் போனது பற்றிய லேன் எதிர் காட்டன் என்ற வழக்கு 1701-இல் முடிந்தது. மூன்று நீதிபதிகள் தபால் தலைவர்கள் பொறுப்பல்ல என்றார்கள். தலைமை நீதிபதி ஹோல்ட் மட்டும் ஒப்பவில்லை. கூலி வாங்கிக்கொண்டு பொருளைக் கொண்டு போகிறவன் பொறுப்பேற்க வேண்டாமா என்பது அவர் கட்சி. 1778-இல் ஒரு தபால் ஊழியரே நோட்டைத் திருடிய வழக்கில்கூட மான்ஸ்ஃபீல்டு பிரபு பெரும்பான்மையின் பக்கமே நின்றார். தபால் என்பது வியாபாரம் அல்ல, அரசாங்கத்தின் ஒரு அங்கம் என்பது வாதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே இந்தியாவில் 1865-இல் வந்த சட்டம் தனியார் பார்சல் கம்பெனிக்காரனை இறுக்கிப் பிடித்தது. சாமான் தொலைந்தால் அவன் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே தெருவில் வண்டிக்காரன் பொறுப்பு, தபால்காரன் பொறுப்பில்லை! ஹோல்ட் சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. ஏழைக்கும் குறைந்த காசில் தபால் கொண்டுபோக வேண்டும், ஒவ்வொரு நஷ்டத்துக்கும் அழுதால் தபால் கட்டணம் ஏறும் என்ற எதிர்வாதமும் உண்டு. கடிதத்துக்கு அது பொருந்தும். விலை வாங்கிக் கொடுக்கும் வியாபாரத்துக்குள் இலாகா இறங்கிய பிறகும் பொருந்துமா?

கொண்டு போனவர் தப்பிவிட்டார். மிச்சம் இருவர். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்றவர் பொருளைக் கொண்டு போகிறவரிடம் ஒப்படைத்தாலே பொதுவாக வாங்கியவரிடம் ஒப்படைத்த மாதிரி. ஆக, முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டியவர்தான் வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வி.பி.பி. கதை வேறு. ரத்லாமில் வாசனைப் பொருளும் கூந்தல் தைலமும் செய்து வி.பி.பி.யில் விற்ற ராத்தோடு கம்பெனியின் வருமான வரி வழக்கு 1959-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வி.பி.பி.யில் பணம் வாங்கும் தபாலாபீஸ், விற்றவரின் ஏஜென்ட் என்று தீர்ப்பு வந்தது. பணம் கட்டும்வரை பொருள் வாங்குபவர் கைக்குப் போகாது அல்லவா? அப்படியானால் அதுவரை வழியில் தொலைவதும் விற்றவர் தலையில்தான் விடியும்.

எப்படித்தான் தொலைந்தன? திருட்டை விட்டுவிட்டாலும் டெல்டாவில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. நல்லூர் என்று எத்தனை ஊர்! ஊருக்கு ஊர் மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு. மாயவரம் மாயூரமாகி 1982-இல் மயிலாடுதுறை ஆனது. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த பின்கோடு இந்தக் குழப்பத்துக்குத்தான் மருந்து. தஞ்சாவூர் 613001, கும்பகோணம் 612001 என்று ஊருக்கு எண் கிடைத்த பிறகு பெயரில் தடுமாற வேண்டியதில்லை. அப்புறம் புயல். சென்னையிலிருந்து தஞ்சை வழியாக தனுஷ்கோடி போன போட் மெயிலில்தான் இலங்கைத் தபால் போகும், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு அடித்துச் செல்லப்பட்டது, தனுஷ்கோடி ஊரே போயிற்று. அங்கே இடிந்து நிற்கும் சுவர்களில் தபாலாபீசும் ஒன்று.

இனி கம்ப்யூட்டர் காலம். பாசி.காம் 2000-இல் வந்தது, ஃப்ளிப்கார்ட் 2007-இல். 2010-இல் ஃப்ளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைத் தொடங்கியபோது பெரிய புதுமை என்று பேசினார்கள். தாத்தாக்கள் சிரித்திருப்பார்கள்! வாங்குபவர் நிலை நிச்சயம் மேம்பட்டது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குப் பிறகு வரும் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. வழக்கைத் தன் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். நல்ல விஷயம்தான். ஆனால் விற்பவர் என்றதும் எல்லோருக்கும் பெரிய கம்பெனிதான் கண்ணில் தெரிகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்கிறவர், சுவாமிமலையில் சின்ன ஐம்பொன் சிலை வார்க்கிறவர், கண்ணாடி போட்ட ஓவியம் அனுப்புகிறவர், இவர்களும் விற்பவர்கள்தான். ஒரு பொம்மை உடைந்தால் வாங்கியவருக்குப் பணம் திரும்பும், அனுப்பியவருக்கு உழைப்பு போகும். ஸ்பீடு போஸ்ட்டில் தொலைந்தால் என்ன கிடைக்கும் என்று 1999-இல் ஒரு விதி செய்தார்கள். கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அது. நூறு ரூபாய் கட்டி அனுப்பிய ஐயாயிரம் ரூபாய் சிலைக்கு இருநூறு ரூபாய்! முழு மதிப்புக்கு வேண்டுமானால் தனியாக இன்ஷூர் செய்ய வேண்டும், அதற்கு மேல்கட்டணம்.

பணமாவது கணக்குக்குள் அடங்கும். நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில் 'நெல்' ஜெயராமன் (மறைவு 2018) நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். விதைத் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படிப்பட்ட 2 கிலோ விதை ஒரு பார்சலில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்காலும் தயாராக இருக்கிறது. பார்சல் எங்கோ ஒரு மூலையில் கிடந்து ஐப்பசியில் வருகிறது, அல்லது வரவே இல்லை. கட்டணத்தின் இருமடங்கு வந்து என்ன செய்ய? அந்தப் போகம் போனது போனதுதான். கடையில் போய் வேறு வாங்கலாம் என்றால் அந்த ரகம் கடையில் இருக்காது.

1898-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அஞ்சலகச் சட்டம் 2023 அதன் இடத்தில் 2024 ஜூன் 18 முதல் அமலில் இருக்கிறது. 2025-இல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. புதுச் சட்டத்தில் 6-ஆம் பிரிவைத் தேடினால் கிடைக்காது. 10-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். விதிகளில் குறிப்பிட்ட அளவுக்குத் தவிர, அஞ்சலகத்துக்குப் பொறுப்பு இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது.