கற்பனை அடிபந்தாட்ட வீரர் தரவரிசை

கற்பனை அடிபந்தாட்ட வீரர் தரவரிசை என்பது, ஃபேன்டசி பேஸ்பால் எனப்படும் கற்பனை அடிபந்தாட்டத்தில் பங்கேற்போர் தம் அணிகளுக்கு வீரர்களைத் தெரிவு செய்யும் முன்னர், அவ்வீரர்களை எதிர்பார்க்கப்படும் பயனின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் முறையாகும். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் உண்மையான வீரர்கள் குவிக்கும் புள்ளிவிவரங்களே கற்பனை அணிகளின் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. ஒவ்வொரு அணியும் 162 ஆட்டங்கள் ஆடும் அந்த நெடிய பருவத்திற்கான வீரர் தெரிவு, பெரும்பாலும் மார்ச்சு மாத இறுதியில் சில மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே தரவரிசைப் பட்டியலைத் தயாரிப்பது இவ்விளையாட்டின் முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.

இப்பட்டியல் சிறந்த வீரர்களின் பட்டியல் அன்று. ஒரு வீரர் கிடைக்காவிட்டால் அவரது இடத்தில் வேறு யார் கிடைப்பார், அந்த வேறுபாடு குறிப்பிட்ட லீக்கின் விதிகளில் எவ்வளவு பெறும் என்பதையே இது அளக்கிறது. புதிதாக ஆடுவோர் பெரிதும் தடுமாறுவது இவ்விடத்தில்தான்.

வரலாறு

சமூகவியலாளர் வில்லியம் காம்சன் 1960 இல் தொடங்கிய ஒரு விளையாட்டே இதன் முன்னோடி எனக் கூறப்படுகிறது. எனினும் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர் எழுத்தாளர் டானியல் ஓக்ரென்ட் ஆவார். 1980 இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய லீக், அவர்கள் கூடி உணவருந்திய நியூயார்க் உணவகமான லா ரோட்டிசேரி பிரான்சேசின் பெயரால் ரோட்டிசேரி லீக் எனப்பட்டது. ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி வழங்கும் ஆட்ட வகை இன்றும் அப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தொடக்கத்தில் எட்டுப் பிரிவுகள் இருந்தன. மட்டையாளர்களுக்கு அடிச்சராசரி, ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் பெறச்செய்த ஓட்டங்கள்), தளத் திருட்டு ஆகிய நான்கும், எறிவாளர்களுக்கு வெற்றி, சேவ், ஈட்டிய ஓட்டச் சராசரி, விப் ஆகிய நான்கும் கணக்கிடப்பட்டன. விப் என்பது ஓர் ஆட்டச்சுற்றில் எறிவாளர் சராசரியாக எத்தனை அடிகளையும் நடைகளையும் விட்டுக்கொடுக்கிறார் என்னும் அளவாகும். ஓக்ரென்ட் உருவாக்கிய இவ்வளவு பின்னர் உண்மையான அடிபந்தாட்டத்தின் புள்ளிவிவர அட்டவணைகளிலும் இடம்பெற்றுவிட்டது. பிற்காலத்தில் மட்டையாளர் ஓட்டங்களும் எறிவாளர் ஸ்ட்ரைக்அவுட்டுகளும் சேர்க்கப்பட்டு, பிரிவுகள் பத்தாயின.

எதிர்காலக் கணிப்பு

தரவரிசையின் முதற்படி, வரும் பருவத்தில் ஒவ்வொரு வீரரும் என்ன செய்வார் எனக் கணிப்பதாகும். சென்ற ஆண்டின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. ஓர் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டத்தில் திறமையோடு நற்பேறும் கலந்திருப்பதால், அடுத்த ஆண்டு அது சராசரியை நோக்கித் திரும்பும் போக்குடையது.

இதனை மிக எளிமையாகக் கையாளும் முறை டாம் டேங்கோ வடிவமைத்த மார்செல் ஆகும். குரங்கு கூடச் செய்யக்கூடிய கணக்கு என்னும் பொருளில், ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த குரங்கின் பெயரை அவர் இதற்குச் சூட்டினார். மட்டையாளரின் கடந்த மூன்று ஆண்டுகளுக்கு முறையே 5, 4, 3 என எடையளித்து, லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதிற்கேற்பச் சிறு திருத்தம் செய்வதே இதன் முழு வழிமுறை. மட்டை பிடிக்கும் வாய்ப்புகளைக் கணிக்க, சென்ற ஆண்டு எண்ணிக்கையின் பாதியையும் அதற்கு முந்தைய ஆண்டினதின் பத்திலொரு பங்கையும் 200 உடன் கூட்ட வேண்டும். அண்மைய ஆண்டில் 650, அதற்கு முன் 600 வாய்ப்புகள் பெற்றவருக்கு 585 என விடை வருகிறது. நலமாக ஆடியவரும் ஓரளவு ஆட்டங்களை இழக்கக்கூடும் என்பதை இக்கணக்கு உள்ளடக்கியிருக்கிறது. நேட் சில்வரின் பெக்கோட்டா போன்ற சிக்கலான முறைகள் பின்னர்ப் புகழ்பெற்றன. ஆயினும் மார்செலைப் பெரிய வேறுபாட்டில் வெல்வது எளிதாக இருக்கவில்லை.

மைதானமும் கணக்கில் சேரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரின் கூர்ஸ் ஃபீல்டில் காற்று மெலிந்திருப்பதால் பந்து தொலைவு செல்கிறது. கொலராடோ அணியின் மட்டையாளர்கள் பட்டியலில் உயர்வதும் எறிவாளர்கள் தாழ்வதும் இதனாலேயே.

விதி மாற்றங்களும் அவ்வாறே. 2023 இல் தளங்களின் அளவு பெரிதாக்கப்பட்டு, ஓடுவோரைத் தடுக்க எறிவாளர் செய்யும் முயற்சிகள் மட்டுப்படுத்தப்பட்டன. 2022 இல் 2,486 ஆக இருந்த தளத் திருட்டுகள் 2023 இல் 3,503 ஆயின. முன்பு 30 திருட்டுகளுக்கு இருந்த அரிய மதிப்பு ஒரே ஆண்டில் குறைந்துபோனது.

மதிப்பாக மாற்றுதல்

ஹோம் ரன்னையும் தளத் திருட்டையும் எவ்வாறு ஒரே அளவுகோலில் வைப்பது? ஒரு வழி, லீக் அட்டவணையில் ஓர் இடம் முன்னேற எத்தனை ஹோம் ரன்கள் தேவை, எத்தனை திருட்டுகள் தேவை எனக் கண்டு வகுப்பதாகும். மற்றொன்று, ஒவ்வொரு பிரிவிலும் வீரர் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறார் எனக் கண்டு கூட்டுவதாகும். முதலாவது தம் லீக்கின் பழைய அட்டவணைகளை வைத்திருப்போருக்கு ஏற்றது. அவை இல்லாதோர் இரண்டாவதைக் கையாளலாம்.

சராசரிப் பிரிவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். லீக் சராசரி 0.260 எனக் கொள்வோம். 200 முறை மட்டை பிடித்து 0.320 அடித்தவர், அதைவிட 12 அடிகளே மிகுதியாகத் தருகிறார். 600 முறை பிடித்து 0.300 அடித்தவரோ 24 அடிகள் தருகிறார். சராசரி குறைந்தவரே அணிக்கு இருமடங்கு உதவுகிறார்.

அடுத்தது ஆட்ட இடம். வழக்கமான ரோட்டிசேரி அணியில் 23 வீரர்கள். அவர்களுள் இருவர் பிடிப்பாளர்கள், ஐவர் வெளிக்கள வீரர்கள். 12 அணிகள் உள்ள லீக்கில் 24 பிடிப்பாளர்கள் தேவை. மேஜர் லீக்கில் 30 அணிகளே இருப்பதால், முதன்மைப் பிடிப்பாளர்களுள் பெரும்பாலோர் எடுக்கப்பட்டுவிடுவர். வெளிக்களத்திலோ 90 முதன்மை வீரர்களிலிருந்து 60 பேரை எடுத்தால் போதும். எஞ்சியிருப்போரில் சிறந்த பிடிப்பாளர் 10 ஹோம் ரன்களும் சிறந்த வெளிக்கள வீரர் 18 உம் அடிப்பார் எனக் கொண்டால், 25 அடிக்கும் பிடிப்பாளரின் உபரி 15 ஆகிறது. 30 அடிக்கும் வெளிக்கள வீரரின் உபரி 12 தான்.

எறிவாளர்கள்

எறிவாளர்களைத் தரப்படுத்துவது கடினம். வெற்றி என்னும் பிரிவு எறிவாளரின் கையில் மட்டும் இல்லை. 2018 இல் நியூயார்க் மெட்சு அணியின் ஜேக்கப் டிகிராம் 1.70 என்னும் ஈட்டிய ஓட்டச் சராசரியுடன் சை யங் விருது பெற்றார்; அவருக்குக் கிடைத்த வெற்றிகளோ 10 மட்டுமே. அதே ஆண்டில் பாஸ்டனின் ரிக் போர்செல்லோ 4.28 சராசரியுடன் 17 வெற்றிகள் பெற்றார். சேவ் என்பது இன்னும் நிலையற்றது. ஆட்டத்தின் இறுதிச் சுற்றை யாருக்கு அளிப்பது என்பது பயிற்றுநரின் முடிவு. இரண்டு மோசமான வாரங்களில் அது வேறொருவரிடம் போய்விடலாம். எனவே பலரும் தம் செல்வத்தில் மூன்றில் இரு பங்கு அல்லது அதற்கு மேல் மட்டையாளர்களுக்கே ஒதுக்குகின்றனர்.

தெரிவு முறையும் பட்டியலும்

பாம்பு முறைத் தெரிவில் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் திரும்புகிறது. 12 பேர் உள்ள லீக்கில் முதலாமவர் 1, 24, 25 ஆம் தெரிவுகளையும், கடைசியானவர் 12, 13 ஆம் தெரிவுகளையும் பெறுவர். இம்முறையில் தம் வரிசை மட்டும் போதாது; பிறர் அவ்வீரரை வழக்கமாக எப்போது எடுக்கின்றனர் என்பதைக் காட்டும் சராசரித் தெரிவு இடத்தையும் அறிய வேண்டும். தம் பட்டியலில் 40 ஆவதாக உள்ளவரைப் பிறர் 90 ஆவதாக எடுப்பார்களாயின், 40 இல் அவரை எடுப்பது வீண்.

ஏல முறையில் ஒவ்வொருவருக்கும் 260 டாலர் என்பது மரபு. 12 அணிகளுக்கு மொத்தம் 3,120 டாலர். 276 வீரர்களுக்கும் குறைந்தது ஒரு டாலர் போக, எஞ்சிய 2,844 டாலரை அவரவர் உபரி மதிப்பின் விகிதத்தில் பங்கிட்டால் ஒவ்வொருவரின் விலையும் கிடைக்கும். தரவரிசையின் தருக்கம் தெளிவாகப் புலப்படுவது ஏலத்தில்தான் எனலாம்.

இடர்

2023 இல் அட்லாண்டாவின் ரொனால்ட் அகூன்யா 41 ஹோம் ரன்களும் 73 தளத் திருட்டுகளும் பெற்றார். ஒரே பருவத்தில் 40 ஹோம் ரன்களையும் 70 திருட்டுகளையும் எட்டிய முதல் வீரர் அவரே. 2024 தெரிவுகளில் அவரை முதலாவதாக எடுப்பது ஏறத்தாழ வழக்கமாயிற்று. 2024 மே 26 அன்று இடது முழங்கால் தசைநார் கிழிந்து, 49 ஆட்டங்களுடன் அவரது பருவம் முடிந்தது. மறுபுறம், சியாட்டிலின் பிடிப்பாளர் கால் ராலி 2024 இல் 34 ஹோம் ரன்கள் அடித்து, 2025 இல் 60 அடித்தார். எந்தக் கணிப்பும் இவ்வெண்ணை நெருங்கவில்லை.

காயமுற்ற வீரரின் மதிப்பு சுழியாகிவிடுவதில்லை. எஞ்சிய ஆட்டங்களை மாற்று வீரர் நிரப்புவார். 10 அணிகள் உள்ள லீக்கில் எடுக்கப்படாமல் எஞ்சியிருப்போர் ஓரளவு தரமானவர்கள். 15 அணிகள் உள்ள லீக்கில் அவ்வாறல்லர். ஆகையால் அடிக்கடி காயமுறும் திறமையாளர், சிறிய லீக்கின் பட்டியலில் சில இடங்கள் மேலேயும் பெரிய லீக்கில் கீழேயும் வைக்கப்படுகிறார்.