சம்பளமில்லா ஊழியம்: ஹாலே முதல் திருநெல்வேலி வரை ஒரு நம்பிக்கையின் வரலாறு

பரலோகமே நிலையான வீடு என்று நம்புகிறவர், அன்றாடச் சோற்றுக்கு யாரைச் சார்ந்திருப்பார்? புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவத்தில் இக்கேள்விக்குப் பிறந்த விடைகளில் ஒன்று, தமிழ்ச் சபைகளில் ‘விசுவாச ஊழியம்’ எனப்படுகிறது: நிலையான சம்பளம் இல்லை, மனிதரிடம் பணம் கேட்பதில்லை, தேவைகள் கடவுளிடம் மட்டுமே சொல்லப்படும். ஜெர்மனியின் ஹாலேயில் தொடங்கித் திருநெல்வேலிச் சீமை வரை வந்த இம்மரபு, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேலையைச் செய்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹாலே: நிறுவனம் கட்டிய நம்பிக்கை

ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பக்தி இயக்கத் தலைவரான ஆகஸ்ட் ஹெர்மன் பிரான்கே, 1695இல் ஹாலே அருகே கிளாவ்ஹாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். காணிக்கைப் பெட்டியில் விழுந்த சிறு தொகையே முதலீடு. மூன்றாண்டுகளில் பெரிய அனாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வந்த உதவிகளையெல்லாம் கடவுளின் பராமரிப்புக்குச் சாட்சியாக அவர் எழுதி அச்சிட்டார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு இந்த வட்டத்தைச் சேர்ந்தவர். 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகளும் ஹாலேயில் வார்க்கப்பட்டவை. ஆனால் தரங்கம்பாடி மிஷன், டென்மார்க் அரசரின் ஆதரவோடு நடந்தது. பிரான்கேயின் பக்தி தமிழகத்துக்கு முதலில் வந்தபோது, சம்பளமின்மை அதனோடு சேர்ந்து வரவில்லை.

பிரிஸ்டல்: நிரூபணமான நம்பிக்கை

பிரஷ்யாவில் பிறந்த ஜார்ஜ் முல்லர், ஹாலேயில் படித்த காலத்தில் ஏழை மாணவர்களுக்கு பிரான்கேயின் இல்லம் அளித்த இலவச அறையில் இரு மாதங்கள் தங்கியவர். இங்கிலாந்தில் போதகரான பின் 1830இல் தம் சம்பளத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு அவர் மணந்த மேரியின் அண்ணன்தான், எக்ஸெட்டரில் பல் மருத்துவராக நன்கு சம்பாதித்துவந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ். மண்ணுலகில் பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்ற மலைப்பிரசங்கப் போதனையை அப்படியே கைக்கொள்ள வேண்டும் என 1825இல் குரோவ்ஸ் ஒரு சிறுநூல் எழுதியிருந்தார். அவர் சார்ந்த ‘பிரதரன்’ (சகோதரர்) என்ற கிறிஸ்தவ வட்டத்தில் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய எதிர்பார்ப்பும் ஓங்கியிருந்தது. ஆண்டவர் விரைவில் வருவார் என்றால் சேமிப்புக்கு என்ன பொருள்? பரலோக நம்பிக்கை வரவு செலவுக்குள் நுழைந்த இடம் இது.

1836இல் முல்லர் பிரிஸ்டலில் அனாதை இல்லம் திறந்தார். கடவுள் இன்றும் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்குக் கண்ணால் காணும் சான்று வேண்டும் என்பதையே முதல் நோக்கமாக அறிவித்தார்; பிள்ளைகளின் நலன் அதற்கு அடுத்தே வந்தது. ஆஷ்லி டவுனில் 1870க்குள் ஐந்து கட்டடங்கள் எழுந்து, 2,000 பிள்ளைகளுக்கு மேல் இடம் உண்டாயிற்று. ஆண்டறிக்கை அச்சிட்டதே மறைமுக வேண்டுகோள் அல்லவா என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அறிக்கையைப் படித்தவர்கள் பணம் அனுப்பினர். ஆயினும் 1841 இறுதியில் கையில் பணமில்லாத வேளையில், வேண்டுகோளாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே அவர் அறிக்கையைத் தள்ளிவைத்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

திருநெல்வேலி: சுயமரியாதையான நம்பிக்கை

மிஷனரியாகச் சென்ற பாக்தாத்தில் 1831இல் கொள்ளைநோய்க்கு மனைவியை இழந்த குரோவ்ஸ், 1833இல் இந்தியா வந்தார். திருநெல்வேலியில், மிஷனரி ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) அவரோடு இணைந்தார். பிற்பாடு குரோவ்ஸ் மாத உதவி தர முன்வந்தபோது அருளப்பன் மறுத்துவிட்டார். கூலிக்குப் பிரசங்கிக்கிறவன் என்று ஜனங்கள் சொல்லாமல் விடமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த மறுப்பில் மரபு திசைமாறுகிறது. முல்லருக்குச் சம்பளமின்மை கடவுளைப் பற்றிய சான்று. அருளப்பனுக்கோ அது ஊராரின் முன் பிரசங்கியின் நம்பகத்தன்மை. அக்காலத்தில் உபதேசியார்கள் பெரும்பாலும் மிஷனின் சம்பளத்தில் இருந்தவர்கள். சம்பளம் கொடுத்தவரிடமே அதிகாரமும் இருந்தது. அருளப்பன் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை உருவாக்கினார். 1860இல் அங்கிருந்து பரவிய எழுப்புதலில், சாதாரண விசுவாசிகள் ஊதியமின்றி ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் புறப்பட்டனர். ஐரோப்பிய மிஷனரியின் கட்டளைக்குக் காத்திராத தமிழ்ச் சபை சாத்தியம் என்பதற்கு அது முன்னுதாரணமானது.

1901இல் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் குழந்தைகளைக் காக்கத் தொடங்கியபோதும் நிதி திரட்ட வேண்டுகோள் விடுவதில்லை என்பதை விதியாக்கினார். எனினும் அவருடைய நூல்கள் வெளிநாடுகளில் வாசிக்கப்பட்டன. இவ்வகையில் டோனாவூர் கிறிஸ்தியான்பேட்டையைவிட பிரிஸ்டலுக்கே நெருக்கமானது. அவ்வூரின் பெயரே நன்கொடை அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயர்.

முடிவுரை

பரலோகத்தை நோக்கிய நம்பிக்கை உலகக் கடமையைத் தளர்த்தும் என்ற பொதுக் கருத்துக்கு இவ்வரலாறு இடம் தரவில்லை. இவர்கள் பள்ளி கட்டினார்கள், கணக்கை வெளியிட்டார்கள், ஊர் அமைத்தார்கள். பராமரிப்பு கடவுளிடமிருந்து வருகிறது என்றாலும் அது மனிதர் கைவழியாகவே வந்தது என்பதையும் இவர்கள் மறைக்கவில்லை. இம்மரபை ஆராய்வோர் பிரிஸ்டலின் எண்ணிக்கைகளோடு நின்றுவிடக் கூடாது. பணத்தை மறுத்ததன் மூலம் சபையின் அதிகாரத்தை மண்ணின் மக்களிடம் கொண்டுவர முயன்றவர் என்ற வகையில், முல்லருக்கு நிகரான இடம் அருளப்பனுக்கும் உரியது.