அறைதோறும் அலை

கம்பியின் தயவின்றி வீட்டின் சகல அறைகளிலும் இணையம் உலவலாம் என்ற நிலைமைக்கு வித்திட்டது, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1985-இல் செய்த தீர்மானமே; மைக்ரோவேவ் அடுப்பு முதலிய சாதனங்களின் இரைச்சல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் முதலான அலைவரிசைகளில், உரிமம் பெறாமலே எவரும் செய்தி அனுப்பலாம் என்று அது அனுமதித்தது. 1997-இல் பிறந்த முதல் வைஃபை தரநிர்ணயம் விநாடிக்கு 2 மெகாபிட் வேகமே தந்தது. 1999-இல் அது 11 ஆயிற்று.

அவ்வாண்டு ஜூலையில், நியூயார்க் மேடையொன்றில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் கணினியைக் கையில் ஏந்தி, கம்பி ஏதும் இல்லையென்று சபையோர் காணும் பொருட்டு, அதை ஒரு பெரிய வளையத்தினூடே நுழைத்துக் காட்டினார். செப்பிடுவித்தைக்காரன் பாணிதான்! விசித்திரம் யாதெனில், அதனுடன் அறிமுகமான, இணையத்தைக் காற்றில் பரப்பும் ஏர்போர்ட் பெட்டிக்குள் 56கே மோடம் ஒன்று அடங்கியிருந்தது. வீட்டுக்குள் காற்றில் 11 மெகாபிட் வேகத்தில் பாயக்கூடிய இணையம், தொலைபேசிக் கம்பி வழியே வாசலுக்கு ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு வேகத்தில்தான் வந்து சேர்ந்தது.

பிராட்பேண்ட் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று: வாசலில் சுபிட்சம்; சுவர்களைத் தாண்டுகையில் அலை சோர்ந்ததால் உள்ளறையில் பஞ்சம். வேகம் கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் அலையோ கான்கிரீட் சுவரில் இன்னும் விரைவாகச் சோர்ந்தது. இடையில் வைத்த ரிப்பீட்டர், ஒரே அலைவரிசையில் கேட்டதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததால், வேகத்தில் பாதியை விழுங்கிற்று.

பின்னர், 2016 முதல், ஈரோ போன்ற மெஷ் பெட்டிகள் மூன்று மூன்றாக வீடுகளில் குடியேறின. ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியை வாங்கிக் கைமாற்றும் இந்த மெஷ் முறை புதிதன்று; அத்தகைய வானொலிப் பெட்டிகளை அமெரிக்க ராணுவ ஆராய்ச்சித் துறையினர் 1970-களிலேயே கலிபோர்னியாவில் சோதித்திருந்தனர்.