காரின் கோளாறு எண்கள் பிறந்த கதை

பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று பட்டறைக்கு வருகிறது. ஓட்டுநரின் முன் உள்ள பலகையில் எஞ்சின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொருகுவாயில் சிறு கருவி ஒன்றைப் பொருத்துகிறார். அதன் திரையில் 0171, 0174, 0300, 0420 என நான்கு எண்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. கார்ச் சொந்தக்காரரின் முகம் வாடுகிறது. நான்கு எண்கள் என்றால் நான்கு கோளாறுகளா? நான்கு உறுப்புகளை மாற்ற வேண்டுமா?

இதற்கு விடை காண, இவ்வெண்கள் எதற்காகத் தோன்றின என்பதை நாம் முதலில் அறிய வேண்டும். இவை மெக்கானிக்கின் வேலையை எளிதாக்குவதற்காக மட்டும் பிறந்தவை அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றைக் காப்பதே இவற்றின் முதல் நோக்கமாகும்.

புகை தந்த பாடம்

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரிச்சலூட்டும் புகைமூட்டம் சூழ்ந்தது. போர்க்காலமாதலால், பகைவரின் விஷவாயுத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். தொழிற்சாலைகளே காரணம் எனப் பலர் எண்ணினர். 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி உண்மையை வெளிப்படுத்தினார். அதற்குமுன் அவர் அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்து வந்தவர். வாகனங்களிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்தே அந்த நச்சுமூட்டம் உண்டாகிறது என்று அவர் காட்டினார்.

1967இல் கலிபோர்னியா மாநிலம் காற்று வள வாரியத்தை அமைத்தது. 1970இல் அமெரிக்க நாடு முழுவதற்குமான தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு மாடல் கார்களின் புகைக்குழாய்களில் வினையூக்கிப் பெட்டிகள் இடம்பெறலாயின. 1977ஆம் ஆண்டு மாடல் வால்வோ கார்கள் ஆக்சிஜன் உணர்கருவியுடன் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தன.

இந்த உணர்கருவி ஏன் தேவைப்பட்டது? மூன்று வகை நச்சுகளையும் ஒருங்கே நீக்கும் வினையூக்கி செவ்வனே வேலை செய்ய வேண்டுமானால், 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதம் சிறிதும் பிசகாமல் இருக்க வேண்டும். கார்புரேட்டரால் மட்டும் இவ்வளவு நுட்பம் இயலாது. எனவே புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை உணர்கருவி அளக்க, அதைக் கொண்டு கணிப்பொறி பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் முறை வந்தது.

கண் சிமிட்டிய விளக்கு

கணிப்பொறி வந்ததும் புதிய சிக்கல் ஒன்றும் கூடவே வந்தது. கார்புரேட்டர் கெட்டால் மெக்கானிக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். மின்கம்பியில் ஓடும் சமிக்ஞையில் பிழை நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? கணிப்பொறியே தன் கோளாறைச் சொல்ல வேண்டியதாயிற்று.

1981ஆம் ஆண்டு மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இதற்கு எளிய வழி இருந்தது. சோதனைச் சொருகுவாயின் இரு முனைகளைச் சிறு கம்பியால் இணைத்தால் எச்சரிக்கை விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும். ஒரு முறை மின்னி, சற்று நின்று, மீண்டும் இரு முறை மின்னினால் 12 என்று பொருள். எஞ்சின் ஓடாத நிலையில் இது சோதனை அமைப்பு நன்றாக உள்ளது என்பதற்கு அடையாளம். 13 என்றால் ஆக்சிஜன் உணர்கருவியின் மின்சுற்றில் கோளாறு. போர்டு கார்களிலோ வோல்ட்மீட்டரின் முள் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணிக் கோளாறை அறிய வேண்டியிருந்தது. இவ்வாறு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தனி மொழி!

1988ஆம் ஆண்டு மாடல் முதல், கலிபோர்னியாவில் விற்கப்படும் கார்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அந்த முதல் முறை கம்பி அறுந்ததையும் உணர்கருவி செயலற்றதையும் கண்டுபிடித்ததே தவிர, வினையூக்கி திறனிழந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

இக்குறைகளைக் களைந்து உருவானதே இரண்டாம் முறை. 1996ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று. எந்தக் கம்பெனியின் காரானாலும் 16 முனைகள் கொண்ட ஒரே வடிவச் சொருகுவாய். முக்கியக் கோளாறுகளுக்குப் பொதுவான எண்கள். ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களுக்கு இத்தகைய விதி வந்தது. இந்தியாவில் 2010இல் முதல் படியும் 2013இல் இரண்டாம் படியும் நடைமுறைக்கு வந்தன.

வண்டி நன்றாக ஓடுவதுபோல் தோன்றினாலும் விளக்கு எரிவது ஏன் என்பது இப்போது விளங்கும். அமெரிக்க விதிப்படி, பெரும்பாலான கோளாறுகளில், நச்சு வெளியீடு வரம்பைப் போல் 1.5 மடங்கைத் தாண்டும் நிலை வந்தால் விளக்கு எரிய வேண்டும். வண்டி ஓடுகிறதா என்பதைவிட, அது விடும் மூச்சு தூய்மையாக உள்ளதா என்பதே அந்த விளக்கின் கவலை!

நான்கு எண்கள், ஒரே ஓட்டை

இனி நம் பழைய காருக்கு வருவோம். 0171, 0174 ஆகியவை, இரு வரிசையாக அமைந்த சிலிண்டர்களில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துள்ளது என்பதைக் குறிக்கும். 0300 என்பது பல சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது என்று கூறுகிறது. 0420 என்பது வினையூக்கியின் திறன் குறைந்துவிட்டது என்கிறது.

இவை நான்கும் ஒரே காரணத்தால் தோன்றக்கூடும். எஞ்சினுக்குள் செல்லும் காற்றை வாயிலில் ஒரு உணர்கருவி அளக்கிறது. அதைத் தாண்டியுள்ள ரப்பர்க் குழாய் ஒன்று வயதாகி வெடித்துவிட்டது என வைத்துக்கொள்வோம். அந்த வெடிப்பின் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே புகும். கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிப் பார்க்கும். தன்னால் இயன்ற எல்லையைத் தொட்டதும் முதல் இரு எண்களைப் பதிவு செய்யும். கலவை நீர்த்திருப்பதால் சில வேளை எரிதல் தவறும். அப்போது எஞ்சினின் சுழற்சியில் உண்டாகும் சிறு தளர்ச்சியைக் கண்டு மூன்றாம் எண் பதிவாகும். எரியாத பெட்ரோல் வினையூக்கியில் சேர்ந்து எரிந்து அதை மிகையாகச் சூடாக்கிக் கெடுக்கும். அதனால் நான்காம் எண். ஒரு சிறு குழாயைக் கவனிக்காமல் விலைமிக்க வினையூக்கியை முதலில் மாற்றினால், புதியதும் விரைவில் கெடும்!

பழைய வண்டிகளில் இத்தகைய பொதுக் காரணங்கள் பல உண்டு. தளர்ந்த பாட்டரி, துருப்பிடித்த எர்த் இணைப்பு, பச்சை பூத்த மின் இணைப்புகள் ஆகியவை அவற்றுள் சில. பல உணர்கருவிகளுக்கு ஒரே 5 வோல்ட் மின்வழி இருப்பதுண்டு. அவற்றுள் ஒன்றில் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் மற்றவையும் தவறான செய்தி தரும். திரையில் எண்கள் குவியும்.

ஆகவே முதலில் எல்லா எண்களையும் எழுதிக்கொள்ள வேண்டும். கோளாறு பதிவான கணத்தில் வேகம், வெப்பம் முதலியவை என்ன என்பதையும் கணிப்பொறி சேமித்து வைத்திருக்கும்; அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டரியையும் எர்த் இணைப்புகளையும் சோதிக்க வேண்டும். கணிப்பொறி கூட்டித் தரும் பெட்ரோலின் அளவு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மிகுந்தும் வேகம் கூடும்போது குறைந்தும் இருந்தால், காற்றுக் கசிவையே முதலில் ஐயுற வேண்டும்.

எண்களை அழித்துவிட்டால் விளக்கு அணையும். ஆனால் நோய் தீராது. இத்தந்திரத்தை விதி வகுத்தவர்களும் அறிந்திருந்தனர். எண்களை அழித்தால் சோதனைகள் முடிந்தமைக்கான குறிப்புகளும் அழிந்துபோகும். புகைச் சோதனைக்கு வரும் வண்டியில் அக்குறிப்புகள் இல்லையெனில் அது அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

கணிப்பொறி உணர்கருவிகள் சொன்னதை மட்டுமே அறியும். வெடித்த குழாயை அது கண்ணால் கண்டதில்லை. அது ஒரு நேர்மையான சாட்சி. தீர்ப்பு கூறும் நீதிபதி அன்று. நான்கு சாட்சிகளையும் கேட்டு, அவர்கள் எல்லோரும் சுட்டும் ஒரே குற்றவாளியைக் கண்டுபிடிப்பது இன்றும் மனித அறிவின் வேலையே ஆகும்.