பொருத்து வரிசையும் வேலைப் பங்கீடும்: ஒரு வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் பொருத்து வரிசையின் வேகத்தையே பெரிதும் எடுத்துரைப்பர். அவ்வேகத்துக்கு அடிப்படையாய் அமைந்த வேலைப் பங்கீடு அத்துணைக் கவனம் பெறுவதில்லை. ஒரு வரிசையின் வேகம் அதன் மிக மெதுவான நிலையத்தின் வேகமேயாகும். ஆதலின், வேலையை ஒப்பப் பகிர்தலே வரிசையின் உயிர்நாடி எனலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹென்றி போர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு இம்முறை உருப்பெற்றது. மக்னீற்றோ எனும் மின்பொறியை ஒரு தொழிலாளி தனித்துப் பொருத்த ஏறத்தாழ 20 நிமிடம் சென்றது. அவ்வேலை 29 கூறுகளாகப் பிரிக்கப்பட்டதும் 13 நிமிடம் 10 விநாடி போதுமானதாயிற்று. 1914இல் வரிசையின் உயரம் 8 அங்குலம் கூட்டப்பட, 7 நிமிடமே தேவைப்பட்டது. நேரத்தை அளந்து, வேலைகளைப் பிரித்தும் சேர்த்தும் செய்த சோதனைகளின் பேறே இது.

எனினும், ஒரே அசைவை நாள் முழுதும் செய்யத் தொழிலாளர் விரும்பினாரல்லர். 1913இல் அங்கு தொழிலாளர் விலகி மாறிய வீதம் 370 சதவீதமாயிருந்தது. 1914 சனவரியில் வேலைநாள் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைக்கப்பட்டு, நாளொன்றுக்கு 5 டொலர் அறிவிக்கப்பட்டமைக்கு இது முக்கிய காரணமாகும்.

இப்பங்கீட்டை 1955இல் சல்வெசன் கணிதப் பிரச்சினையாக வகுத்துரைத்தார். 480 நிமிடத்தில் 240 பொருள்கள் வேண்டுமெனின், ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய நேரம் 2 நிமிடம். ஒரு பொருளுக்கான மொத்த வேலை 11 நிமிடமாயின், 6 நிலையங்களேனும் வேண்டும். அவற்றுள் 1 நிமிடம் வீணாகும். எவ்வேலை எதற்கு முன் நிகழவேண்டும் எனும் கட்டுப்பாடும் உண்டு. 1961இல் ஹெல்கெசன், பேர்னி ஆகியோர் எளிய வழியொன்றைக் காட்டினர். ஒரு வேலைக்குரிய நேரத்தோடு அதனைத் தொடரவேண்டிய வேலைகள் அனைத்தின் நேரத்தையுங் கூட்டி, கூடிய தொகையுடைய வேலையை முதலில் நிலையத்துக்கு ஒதுக்குவதே அவ்வழி.

ஆயின், அந்த 2 நிமிடத்தை நிர்ணயிப்பவர் யார்? இவ்வினாவுக்குக் கணிதம் விடை கூறாது. ஒகையோ மாநிலத்து லோட்ஸ்ரவுணில், ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் மணிக்கு ஏறத்தாழ 100 கார்கள் வரிசையிற் செல்லத் திட்டமிடப்பட்டது. ஒருவருக்குக் கிடைத்தது 36 விநாடி. ஆட்களைக் குறைத்து எஞ்சியோர்மீது வேலை சுமத்தப்பட்டதென முறையிட்ட தொழிலாளர் 1972இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிலையங்களுக்கிடையே நேரம் சமப்படலாம். முகாமைக்கும் தொழிலாளருக்கும் இடையிலான சமநிலை அதனாற் கிட்டிவிடாது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.