சைக்கிளைவிட்டு இறங்காதவர்கள்

ஈப்போவில் மாமா வீட்டு கார் போர்ச்சில் கார் நின்று நான் பார்த்ததில்லை. நிற்பது ஒரு மோடெனாஸ் ஜாகூ 175. தாழ்ந்த இருக்கை, அகலமான ஹேண்டில், கண்ணீர்த்துளி மாதிரி டேங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் பகல் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். "ஹார்லி வாங்க காசு இருந்தா இதப் போய் தொடச்சிக்கிட்டு இருப்பேனா?" என்பார். நான் நம்புவதில்லை. ஹார்லி இருந்தாலும் இப்படித்தான் தொடைத்துக்கொண்டிருப்பார்.

மாமா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அந்த லயங்கள் இன்று இல்லை. கித்தா மரம் போய் செம்பனை வந்துவிட்டது. நம் தோட்டத்து இலக்கியத்தில் பால்மரம் உண்டு, கோயில் உண்டு, கள்ளுக்கடை கட்டாயம் உண்டு. மோட்டார் ஏன் இல்லை என்பது என்னுடைய நெடுநாள் சந்தேகம். தோட்டத்து மனிதன் எதில் ஏறிப் போனான், யாரைப் பார்த்து இறங்கினான் என்பதில் ஒரு முழு வரலாறே இருக்கிறது.

'இறங்கினான்' என்பது உவமை அல்ல. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடவே இன்னொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ தோட்ட உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து எழுதுமளவு அந்த இறங்கி நிற்பது அவர்களை உறுத்தியிருக்கிறது.

பேராக்கிலும் சைக்கிள் வரலாற்றில் ஓர் இடம் பிடித்திருக்கிறது, வேறு விதமாக. 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் அருகே எல்ஃபில் தோட்டத்துக்குச் சைக்கிளில் வந்த மூவர் அதன் நிர்வாகியைச் சுட்டுக் கொன்றார்கள். அதே நாளில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இன்னும் இரண்டு வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வருடங்கள் முள்வேலியும் ஊரடங்கும். சக்கரம் இருந்தாலும் போக இடமில்லை.

அவசரகாலம் முடிந்த 1960இல், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்குவது திட்டம். மாதாமாதம் தவணை கட்டும் பழக்கம் லயத்துக்கு அந்நியமானதல்ல. அடுத்து வந்த தவணை மோட்டாருக்கு.

அந்தக் கதை பினாங்கில் தொடங்குகிறது. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக் வேலை கற்ற லோ பூன் சியூ, 1958இல் ஜப்பானில் ஹோண்டா கப் வண்டியைப் பார்த்தார். அதை இங்கே கொண்டுவந்து விற்கும் உரிமையையும் பெற்றார். 'கப்' என்பதோடு சின்னது என்று பொருள்தரும் சீனச் சொல் ஒட்டி 'காப்சாய்' ஆனது. கிளட்ச் பிடி கிடையாது. நடுவில் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கைலி கட்டியவரும் சேலை கட்டியவரும் ஏறலாம். மழையில், செம்மண்ணில், ரெண்டு பால் வாளியோடு போகும். தோட்டத்துக்கென்றே செய்தது போல இருந்தது.

பராமரிப்பும் அங்கேதான் கற்றார்கள். கட்டிப்பால் மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர் செயினையும் பின்சக்கர இரும்பையும் அரித்துவிடும். அதனால் மாமாவின் அப்பா தினமும் சாயங்காலம் வண்டியைக் குளிப்பாட்டி, துணியில் பழைய எண்ணெய் தொட்டு செயினைத் துடைப்பாராம். ஃபோமன் கடை டவுனில், காசு கையில் இல்லை. வேறு வழி?

மோடெனாஸ் 1996இல் கெடாவின் குருணில் கிரிஸ் வண்டியோடு உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு வந்தது ஜாகூ. கவாசாக்கி எலிமினேட்டர் குடும்பத்து வண்டி, பார்க்க அமெரிக்கக் குரூசர், ஓட்ட 175 சிசி. 250 சிசி வரைக்குமான பி2 லைசென்ஸ் போதும். லயம் உடைந்து டவுனுக்கு வந்த பையன்களுக்கு அது பொருந்திப்போனது. உழைப்புக்கு வாங்கிய வண்டி காப்சாய். ஜாகூவில் சாய்ந்து உட்காரலாம். பால் வாளி கட்ட அதில் இடமே இல்லை, அதுதான் அதன் அழகு என்று நினைக்கிறேன்.

மாமா ஹேண்டிலை உயர்த்தியபோது நானும் கூட இருந்தேன். இரும்பை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. அப்புறம்தான் தெரிந்தது, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எல்லாமே எட்டவில்லை. இடது பக்கம் திருப்பினால் என்ஜின் தானாக ரேஸ் ஆகிறது, கேபிள் இழுபடுகிறது. நீளமானவை தேடி ஈப்போ முழுக்க அலைந்தோம். புகைக்குழாயை மாற்றியபோது வேறு பாடம்: பிளக் வெள்ளையாக வெளுத்து வந்தது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்திருக்கிறது, இப்படியே ஓட்டினால் சூட்டில் பிஸ்டன் போய்விடும். கார்ப்ரேட்டரைக் கழற்றி ஒரு எண் பெரிய ஜெட் போட்டபின் பிளக் காப்பி நிறத்துக்கு வந்தது. மாமா பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பால் வெட்டுகிறவர்கள் பட்டையை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அத்தை சொன்னார்.

இதையெல்லாம் வெறும் ரசனையாகவும் எழுத எனக்கு மனசில்லை. அனுமதியில்லாமல் வண்டி அமைப்பை மாற்றுவது சட்டப்படி குற்றம். நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள். அந்தச் சாவுகளில் நம் பையன்கள் இருக்கிறார்கள், எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். இன்னொன்றும் உண்டு: உயர்ந்த ஹேண்டில் வண்டியில் ஒரு தமிழ்ப் பையன் போனாலே 'கேங்' என்று முடிவு கட்டும் கண்கள். அவற்றில் சில நம்முடையவை.

போன மாதம் சுங்கை சிப்புட் சாலையில் ஒரு தடுப்புச் சோதனை. மாமாவை ஓரங்கட்டச் சொன்னார்கள். லைசென்ஸ், சாலை வரி எல்லாம் சரி. "எறங்கு" என்று கைகாட்டினார் இளம் அதிகாரி. மாமா என்ஜினை அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், இருக்கையிலேயே உட்கார்ந்தபடி தாள்களை நீட்டினார். அதிகாரி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, கார்ப்ரேட்டர் ஜெட் என்ன எண் என்று கேட்டார். அவரிடமும் ஒரு ஜாகூ இருக்கிறதாம்.