அந்த 17 கட்டளைகள்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு என் சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணா, லினக்ஸ் விஎம் ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. நாளன்னைக்கு லேப் சப்மிஷன்."

அவனிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட் லேப்டாப், ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டியது. அதில் உபுண்டு போட்டு, அதற்குள் விஎம் ஓட்டப் பார்க்கிறான். கெர்னல் லாகைப் பார்க்கச் சொன்னேன். "கேவிஎம்: டிசேபிள்ட் பை பயோஸ்" என்று இருந்தது. அப்பாடா, சின்ன விஷயம், பயோஸில் போய் ஆன் பண்ணு என்றேன். போனான். பயோஸ் பாஸ்வேர்டு கேட்டது. பழைய ஆபீஸ்காரர்கள் வைத்த பாஸ்வேர்டு, விற்ற கடைக்காரருக்கும் தெரியவில்லை.

ஒரு விஎம் ஓட்ட சிப்போட அனுமதி எதுக்குடா? அவன் கேட்டது இதைத்தான். நியாயமான கேள்வி. ஏனென்றால் விஎம் இந்த சிப்களை விட ரொம்பப் பழசு. ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 கொண்டுவந்துவிட்டது. 1974-ல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் என்ற இரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டரில் விஎம் ஓட வேண்டுமென்றால் அதன் பிராசஸர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினார்கள்.

விதி இதுதான். கெஸ்ட் ஓஎஸ்ஸை, தன்னை வீட்டு ஓனர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாடகைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மெயின் சுவிட்சில் கை வைத்தால் அலாரம் அடிக்கணும். உடனே நிஜ ஓனர், அதாவது ஹைப்பர்வைசர், ஓடிவந்து "ஆஃப் பண்ணியாச்சு சார்" என்று அவர் வீட்டில் மட்டும் லைட்டை அணைக்கணும். இந்த அலாரத்துக்குப் பெயர் டிராப்.

நம்ம எக்ஸ்86-ல் சில சுவிட்சுகளுக்கு அலாரமே கிடையாது. பென்டியத்தை அலசிய ராபின், இர்வின் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் எண்ணிச் சொன்னார்கள்: சுமார் 250 கட்டளைகளில் 17 இந்த விதியை மீறுகின்றன. பாப்எஃப் என்று ஒன்று. இன்டரப்ட்டை நிறுத்த கெஸ்ட் கெர்னல் இதைக் கூப்பிட்டால், அதற்கு உரிமை இல்லாததால் சிப் அந்த பிட்டை மாற்றாது. ஆனா எர்ரரும் வராது! கெஸ்ட் நிறுத்திவிட்டதாக நம்பிக்கொண்டு போகும், கொஞ்ச நேரத்தில் எங்கேயோ முட்டிக்கொள்ளும். டீபக் பண்ணுபவர்களுக்குத் தெரியும், சத்தம் போடாத எர்ரரை விடக் கொடுமை எதுவும் இல்லை.

1998-ல் தொடங்கிய விஎம்வேர் இதை மென்பொருளிலேயே சுற்றி வந்தது. கெஸ்ட் கெர்னலின் கோடை ஓடும்போதே படித்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் மாற்றி எழுதிவிடும். பைனரி டிரான்ஸ்லேஷன். என்னைக் கேட்டால் அந்தக் காலத்தின் பெரிய எஞ்சினியரிங் சாகசம் இதுதான். கேம்பிரிட்ஜின் ஜென், 2003-ல், வேற ரூட் எடுத்தது: கெஸ்ட் கெர்னலையே திருத்து.

இன்டெல் தன் சிப்பில் விடி-எக்ஸ் வைத்தது 2005 கடைசியில், ஏஎம்டி 2006-ல். வேடிக்கை என்னவென்றால், முதல் தலைமுறை ஹார்ட்வேர் பல வேலைகளில் பழைய மென்பொருள் வித்தையை விட ஸ்லோ. விஎம்வேர்காரர்களே 2006-ல் அளந்து பேப்பர் போட்டார்கள். ஆனாலும் ஹைப்பர்வைசர் எழுதுவது சுலபமாகிவிட்டது. அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-க்குள் வந்தது. அது முழுக்க சிப்பை நம்பித்தான் நிற்கிறது. சிப் கதவைச் சாத்தினால் கேவிஎம் கிடையாது. மற்றவர்களும் மெல்ல அதே பக்கம் சாய்ந்தார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 2019-ன் 6.1 பதிப்பில் பழைய மென்பொருள் வழியை எடுத்தே விட்டது.

அப்போ தம்பிக்கு என்ன வழி? க்யூஎமு. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் உருவாக்கியது. சிப்பிடம் எந்த உதவியும் கேட்காமல், கெஸ்டின் எல்லாக் கட்டளைகளையும் மொழிபெயர்த்தே ஓட்டும். கமாண்டில் கேவிஎம் ஆப்ஷனை எடுத்துவிட்டு டிசிஜி என்று போடச் சொன்னேன். டெஸ்க்டாப் எல்லாம் வேண்டாம், வெறும் டெக்ஸ்ட் டெபியன் போதும்.

பூட் ஆவதற்குள் அவன் டீ போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டான். ஆனா லாகின் வந்தது. கம்பைலுக்கு விட்டுட்டுத் தூங்கப் போனான். சப்மிஷன் அன்னைக்கு சாயந்திரம் மெசேஜ்: "அண்ணா, முடிஞ்சது. பாஸ்வேர்டு என்னவா இருக்கும்னு மட்டும் மண்டை குடையுது."